மலைவழிக்கேற்ற சிறு கிராங்க்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டென்பதை அன்பர் பலரும் அறிவர். பந்தயச் சைக்கிளேறி அச்சாலையை வெல்லப் புகுந்த நம் மாணவர் சிலர், பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிச் சென்றதை யாம் நேரிற் கண்டிருக்கின்றோம். அவர்தம் கால்களில் வலிமை இல்லாமலில்லை. வண்டியின் முன் பற்சக்கரமே அவர்க்குப் பெரிதாயிருந்தது. அதனை மாற்றக் கருதுவோர், கைப்பொருள் சிறிதேயாயினும் ஏமாறாமல் மாற்றிக்கொள்ளும் வழியை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

சாலைச் சைக்கிளின் கிராங்கில் செயின் ஓடும் பல்வளையங்கள் பெரும்பாலும் இரண்டு. பந்தய வீரர் நெடுங்காலம் கொண்டிருந்தவை 53 பல்லும் 39 பல்லும் உடையன. கம்பாக்ட் என வழங்கும் சிறு கிராங்கிலோ அவை முறையே 50, 34 பற்களாம். வேற்றுமை அற்பமெனத் தோன்றும். கணக்கிட்டாலன்றி அதன் பெருமை விளங்காது.

சாலைச் சைக்கிளின் சக்கரம் ஒருமுறை சுழலச் சற்றேறக்குறைய 2.1 மீட்டர் செல்லும். முன்னே 39 பல்லும் பின்னே 25 பல்லும் இருப்பின், பெடலை ஒரு சுற்றுச் சுற்ற வண்டி 3.28 மீட்டர் போகும். முன்னே 34, பின்னே 28 ஆயின் 2.55 மீட்டரே போகும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகின்றோமென்று கொள்வோம். முன்னதில் நிமிஷத்திற்கு 51 சுற்றும், பின்னதில் 65 சுற்றும் மிதித்தல் வேண்டும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே; ஆயினும் ஒவ்வொரு மிதியிலும் காலிடும் அழுத்தம் பின்னதில் ஐந்திலொரு பங்குக்கு மேலே குறைகின்றது. ஏற்றந்தோறும் முழங்கால் படும் பாட்டினை உணர்ந்தார்க்கு இதற்கு மேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எளிய பற்சக்கரத்தை நாடுவது வலிமையற்றவர் செயலென்னும் எண்ணம் நம் இளைஞரிடையே உண்டு. அது பழைய எண்ணம். பிரான்சு தேசத்துச் செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்த பால் தெ விவீ என்பார், வெலோசியோ என்னும் புனைபெயரால் எழுதி, பலவகைப் பற்சக்கரங்களின் நன்மையை ஓயாது எடுத்துரைத்தார். தூர் தெ பிரான்சு என்னும் பெரும்பந்தயத்தை 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு என்பாரோ, அவையெல்லாம் முதியோர்க்கே உரியவை, வீரன் தன் தசைவலியாலேயே வெல்லல் வேண்டும் என்னும் கொள்கையினர். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெயிலர் அப்பந்தயத்தில் 1937-ஆம் ஆண்டிற்றான் இடம் பெற்றது. அவ்வாண்டு வென்ற ரோழே லாப்பெபியே அதனைக் கொண்டே வென்றார். இன்று அது இல்லாத பந்தய வண்டி மலைப்பாதையில் ஒன்றேனும் உண்டோ?

இனி, சிறு கிராங்கினால் சமதரையில் வேகம் கெடுமென்று அஞ்சுவாரும் உளர். முன்னே 53, பின்னே 12 பல் கொண்ட வண்டி பெடலின் ஒரு சுற்றுக்கு 9.28 மீட்டர் போகும். முன்னே 50, பின்னே 11 ஆயின் 9.55 மீட்டர் போகும். பின் கேசட்டின் மிகச் சிறிய பல் 11 ஆயிருப்பின் இழப்பு யாதுமில்லை. உள்ளபடி நேரும் குறை வேறொன்று. 50-லிருந்து 34-க்கு இறங்குவது 16 பல் வீழ்ச்சி. செயின் உள்வளையத்தில் விழுந்தவுடன் கால் வெறுமையாய்ச் சுழலும். பின்னே இரண்டொரு பல் மாற்றியே அதனைச் சரிக்கட்டல் வேண்டும். சில நாட் பழக்கத்தில் இது கைவந்துவிடும்.

நிற்க. பணத்தை எடுக்குமுன் ஒன்று எண்ணிப் பார்க்க. முன்னே 39-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, பின்னே 25-க்குப் பதிலாக 28 பல் கேசட் போடின், ஒரு சுற்றுக்கு 2.93 மீட்டர் ஆகின்றது. கிராங்கை மாற்றிக் கேசட்டை மாற்றாதுவிடின் ஆவது 2.86 மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! ஆகவே பின் டிரெயிலர் 28 பல்லை ஏற்குமாயின், முதலிற் கேசட்டை மட்டும் மாற்றி ஒரு மலையேறிப் பார்ப்பதே சிக்கனம். அதுவும் போதாதார்க்கே கிராங்க் மாற்றம் வேண்டுவது.

அங்ஙனம் வேண்டுவார் பலர் முதலிற் கேட்பது, பழைய கிராங்கிலேயே 34 பல் வளையத்தைப் பூட்டலாகாதா என்பது. ஆகாது. வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்துள்ளன. பழைய பந்தயக் கிராங்குகளிற் பலவற்றில் அவ்வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் குறைந்த வளையம் பொருந்தாது. சிறு கிராங்கில் அவ்விட்டம் 110 மில்லிமீட்டர். ஐந்து கையுள்ள கிராங்காயின், அடுத்தடுத்த இரு போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளந்து பார்க்க: ஏறக்குறைய 65 மில்லிமீட்டராயின் அது 110; 76 ஆயின் 130. ஓர் அடிக்கோல் போதும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. பிற்காலத்து ஷிமானோ கிராங்குகளில் நான்கே கைகள், சமமல்லாத இடைவெளியில் உள்ளன. அவற்றின் வளையம் ஐந்து கையுள்ள கிராங்கிற்கு உதவாது.

விலையில் ஏமாற்றம் நேருமிடம் கிராங்கன்று, அது தாங்கி நிற்கும் அச்சேயாம். இதனை எம் அநுபவத்தாற் கூறுகின்றோம். ஒருகால் யாம் பழைய பொருள் விற்பாரிடம் ஐந்து கைச் சிறு கிராங்கொன்றை, புதியதன் விலையிற் பாதிக்கும் குறைவாகப் பெற்று மகிழ்ந்தோம். அது சதுர முனை அச்சிற் பொருந்துவது. எம் வண்டியிலும் சதுர அச்சே இருந்தது. பூட்டிய பின்னரே அச்சு நீளம் போதாமையும், உள்வளையம் பிரேமின் பின் குழாயை உராய்வதும் கண்டோம். நீண்ட அச்சொன்று வாங்கினோம். அதனை மாற்றக் கிராங்கைக் கழற்றும் கருவியொன்று வாங்கினோம். வளையங்களிலொன்று தேய்ந்திருந்தமையால் அதனையும் வாங்கினோம். கூட்டிப் பார்க்கையில் அச்சோடு கூடிய புதிய கிராங்கின் விலையைத் தாண்டியிருந்தது. விற்றவர்மேற் குற்றமில்லை. அவர் கேட்டதற்கு விடையிறுத்தார். யாம் அச்சின் நீளத்தைக் கேட்கவில்லை.

ஆதலால், அச்சோடு சேர்த்தே விலையைக் கணக்கிடுக. ஷிமானோவின் கிளாரிஸ், சோரா, டியாகிரா என்னும் பெயர்களில் வந்த 50-34 கிராங்குகள் மாணவர் கைக்கு எட்டுவன. அவற்றுள் உள்துளையுள்ள 24 மில்லிமீட்டர் அச்சு வலக் கிராங்கோடு ஒன்றாயமைந்தவை கழற்றவும் பூட்டவும் எளியன; பிரேமுக்கு வெளியே நிற்கும் கப்புகளில் அவ்வச்சு சுழலும். அக்கப்புகள் பிரேமுக்குப் பொருந்துமோ வென்பதே கேள்வி. ஆங்கில மரையுள்ள குழலின் அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டர். இத்தாலிய மரையாயின் 70. ஆங்கில மரையில் வலப்பக்கத்துக் கப் இடஞ்சுழியாகவே இறுகும். இத்தாலிய மரையில் இரு பக்கமும் வலஞ்சுழியே. இஃதறியாது நீண்ட ஸ்பானரால் வலிந்து திருகின், மரை அழிந்து பிரேமே பாழாகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வண்டியையே இழந்தாருண்டு. மரையில்லாது அழுத்திப் பொருத்தும் குழல்களும் உள. அவற்றிற்கு அளவறிந்து வேறு கப் கொள்ளல் வேண்டும்.

பழைய கிராங்கே வாங்கத் துணிவோர், பெடல் திருகும் துளையின் மரையை விரலால் தடவியும், அத்துளையைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புண்டோவென வெளிச்சத்தில் திருப்பியும் பார்க்க. சதுரத் துளையாயின் அதன் மூலைகள் மழுங்கியிருத்தலாகாது. பற்கள் ஒருபுறம் சாய்ந்து சுறாமீன் செதில்போற் கூர்த்திருப்பின் வளையம் தேய்ந்தது. அதற்கும் ஒரு விலை போட்டுக் குறைத்துக் கேட்க. வெடிப்புக் கண்டாலோ இலவசமாய்க் கொடுத்தாலும் கொள்ளற்க. எழுந்து நின்று மிதிக்கையில் கிராங்க் ஒடிந்தால் விழுவது முகங்குப்புறவேயாம். கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டரோ 172.5 மில்லிமீட்டரோ என்று வாதாடிக் காலங்கழிக்க வேண்டா. பழகிய நீளத்தையே கொள்க.

பூட்டிய பின்னும் இரண்டு வேலை உண்டு. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடை 12.7 மில்லிமீட்டராதலின், வெளிவளையத்தில் மூன்று பல் குறைய அதன் ஆரை 6 மில்லிமீட்டர் குறைகின்றது. முன் டிரெயிலரையும் அவ்வளவு கீழிறக்கினாலன்றிச் செயின் ஒழுங்காய் ஏறாது. பட்டையாற் குழாயைப் பற்றும் டிரெயிலராயின் இறக்குவது எளிது. பிரேமோடு ஒட்டிய தாங்கியில் நிற்பதாயின், அத்தாங்கியின் துளை அவ்வளவு நீண்டதோ வென்பதை வாங்குமுன்னரே பார்த்துக்கொள்க.

மற்றொன்று, பின் டிரெயிலர் தொய்வை வாங்கும் அளவு. முன்வளையங்களின் வேற்றுமை 16, பின்னே 11 முதல் 28 வரையாயின் வேற்றுமை 17, கூட்ட 33. டிரெயிலர் தாங்கும் எண் இதற்குக் குறைந்ததாயின், 34-இலும் 11-இலும் செயின் ஓடுகையில் அது தொங்கி ஆடும். அவ்விணைப்பைத் தவிர்த்து ஓட்டுவோர் குறைந்த எண்ணோடும் காலந்தள்ளலாம். ஆயின் மறந்தும் 50-இலும் 28-இலும் ஒருங்கே செயின் விழுந்தால் அறாதபடி, செயின் நீளத்தை மட்டும் அப்பெரும் பற்களுக்கேற்பவே வெட்டிக்கொள்க.