கில்ட்டும் பாவாடையும் ஒன்றா?

நம் நாட்டில் ஆண்கள் வேட்டி கட்டுகிறார்கள். லுங்கி கட்டுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நமக்குப் பழகிய உடை அது.

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. மலையும் மழையும் குளிரும் உள்ள நாடு. அங்கே ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓர் உடை உடுத்துவார்கள். அதன் பெயர் கில்ட். தினமும் உடுத்த மாட்டார்கள். கல்யாணம், விழா, வாத்திய ஊர்வலம் போன்ற நாட்களில் உடுத்துவார்கள். மற்ற நாட்களில் பேண்ட்தான்.

படத்தில் அதைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? "ஆண் பிள்ளை பாவாடை கட்டியிருக்கிறானே!" என்று தோன்றும். இதை ஸ்காட்லாந்துக்காரர் காதில் போட்டால் அவருக்குப் பிடிக்காது. "இது பாவாடை அல்ல, கில்ட்" என்பார்.

ஆண்களுக்கென்றே தைத்த பாவாடைகளும் உலகில் உண்டு. 1980களில் பாரிஸ் நகரத்து உடைக் கலைஞர் ழான் பால் கோத்தியே ஆண்களுக்குப் பாவாடை தைத்து மேடையில் காட்டினார். பிறகு பலரும் தைத்தார்கள். அது புதுமைக்காக வந்த உடை.

அப்படியானால் கில்ட்டுக்கும் இந்தப் பாவாடைக்கும் என்ன வேறுபாடு?

துணியில் வேறுபாடு

கில்ட் கம்பளித் துணியால் ஆனது. பல நிற நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டம் கட்டமாக நெய்வார்கள். இந்தக் கட்டத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர்.

ஒரு நல்ல கில்ட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும்? சுமார் 8 கஜம். அதாவது ஏழு மீட்டருக்கும் சற்று அதிகம். நம் புடவையே ஐந்தரை மீட்டர்தான். அகலம் மட்டும் புடவையைவிடக் குறைவு.

நாகரிகப் பாவாடைக்கு இந்த விதி கிடையாது. பருத்தி, தோல், நைலான் எதிலும் தைக்கலாம். இரண்டு மீட்டர் துணியே போதும்.

தையலில் வேறுபாடு

முழங்கால் வரைதான் உடை. அதற்கு ஏன் 8 கஜம்? மடிப்புக்காகத்தான்.

கில்ட்டின் முன்பக்கம் மடிப்பே இருக்காது. இரண்டு தட்டையான பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பக்கங்களிலும் பின்னாலும் வரிசையாகக் கொசுவம் இருக்கும். பெரும்பாலும் இருபதுக்கும் மேற்பட்ட மடிப்புகள். துணியில் பெரும்பகுதி இந்த மடிப்புகளுக்கே போய்விடும்.

கட்டத் துணியைக் கண்டபடி மடித்தால் கட்டம் உடைந்துபோகும் அல்லவா? கில்ட் தைப்பவர் அதை உடைய விடமாட்டார். கோடுகளை எண்ணி எண்ணி மடிப்பார். மடித்த பிறகும் கட்டம் முன்போலவே தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் மடிக்காத துணிபோல் இருக்கும். நடக்கும்போதுதான் மடிப்பு விரியும்.

இடுப்பிலிருந்து பிட்டம் வரை மடிப்புகளைத் தைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே மடிப்புகள் தொங்கும். கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை. நெய்த துணியின் கரையே ஓரமாக இருக்கும். அதனால் நீளத்தை முதலிலேயே சரியாக அளந்துகொள்ள வேண்டும்.

இதைக் கையால் தைக்கப் பல நாட்கள் பிடிக்கும். விலையும் அதிகம். ஒருவர் அளவுக்குத் தைத்த கில்ட் பல ஆண்டுகள் உழைக்கும். தகப்பன் உடுத்தியதை மகன் உடுத்துவதும் உண்டு.

நாகரிகப் பாவாடை கடையில் சிறியது, பெரியது என்று தொங்கும். இடுப்பில் எலாஸ்டிக் அல்லது ஜிப் இருக்கும். கில்ட்டை உடலைச் சுற்றிக் கட்டித் தோல் வாரால் இறுக்குவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கில்ட்டில் பாக்கெட் கிடையாது. இடுப்பிலிருந்து முன்னால் ஒரு பை தொங்கும். அதற்கு ஸ்போரன் என்று பெயர். நம் பாட்டிகளின் சுருக்குப் பைபோல அதில் காசு வைத்துக்கொள்வார்கள்.

உடுத்தினால் சிறை

கில்ட் முதலில் ஒரு பெரிய போர்வையாக இருந்தது. மலைநாட்டு மக்கள் அதைக் கொசுவி இடுப்பில் வார் கட்டிக்கொள்வார்கள். மீதித் துணியைத் தோளில் போடுவார்கள். இரவில் அதையே போர்த்திப் படுப்பார்கள். 1700களின் முற்பகுதியில் மேல் பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப் பாதியை மட்டும் உடுத்தும் வழக்கம் வந்தது. அதுதான் இன்றைய கில்ட்டுக்கு முன்னோடி.

1745-இல் மலைநாட்டார் பலர் லண்டன் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். 1746 ஏப்ரலில் கல்லோடன் என்ற இடத்தில் தோற்றார்கள். அதே ஆண்டில் அரசு ஒரு சட்டம் போட்டது. ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடையை உடுத்தக் கூடாது. உடுத்தினால் ஆறு மாதம் சிறை. மறுபடியும் உடுத்தினால் ஏழு ஆண்டு நாடு கடத்தல்!

அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அவர்கள் கில்ட்டோடு போருக்குப் போனார்கள்.

1782-இல்தான் இந்தச் சட்டம் நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. ஏழைகள் பலர் பழைய உடையை விட்டிருந்தார்கள். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தார். அவரே கில்ட் உடுத்தி நின்றார்! ஒரு காலத்தில் குற்றமாக இருந்த உடை, மன்னருக்கே அலங்காரம் ஆனது.

இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கட்டம் என்று சொல்வதும் பெரும்பாலும் 1800களில் ஏற்பட்டதுதான். ஆதிகாலத்து வழக்கம் அல்ல. மரபும் மாறிக்கொண்டேதான் வருகிறது.

எது உயர்ந்தது?

ஆணும் பாவாடை உடுத்தலாம். அது அவரவர் விருப்பம். அதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் எட்டுக் கஜத் துணி, எண்ணி மடித்த கை, சிறைக்குப் பயந்த காலம், இவை எல்லாம் சேர்ந்ததுதான் கில்ட். இரண்டையும் ஒரே பெயரால் சொன்னால் அந்த உழைப்பும் அந்த வரலாறும் மறைந்துபோகும்.

இன்று விலை குறைந்த கில்ட்டுகள் பிற நாடுகளிலிருந்து வருகின்றன. ஸ்காட்லாந்தில் கையால் கில்ட் தைப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். நம் ஊர்க் கைத்தறிக்காரரின் கவலைதான் அவர்களுக்கும்.

சேர்ந்து பேசுங்கள்

1. கில்ட்டில் மடிப்புகள் எந்தப் பக்கம் இருக்கும்?
2. உடையைத் தடை செய்ய அரசு ஏன் சட்டம் போட்டது?
3. உங்கள் ஊரில் மறைந்துபோன உடை எது? அதைத் தைத்தவர், நெய்தவர் யார்?