எடுப்பதா, கொடுப்பதா?

உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதில் அல்வாலில் இரண்டு கட்சி உண்டு. முக்கியதும் எடுத்துவிடுகிறவர்கள் ஒரு கட்சி. பாதி கரைந்து கோப்பையின் அடியில் மண்டியாகும்வரை விட்டுவைப்பவர்கள் இன்னொரு கட்சி. எங்கள் எதிர்வீட்டுத் தம்பி இரண்டாம் கட்சிக்காரன். லோத்குண்டா பக்கத்து இரானி ஹோட்டலில் அன்றைக்கும் ஒரு பிஸ்கட்டை முழுசாகப் பறிகொடுத்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் பாப்டிசம் எடுக்குறான். மச்ச பொல்லாரத்துல ஒரு சர்ச்சு. என்னையும் வரச் சொல்லியிருக்கான். தண்ணிக்குள்ள முக்கி எடுப்பாங்களாமே? அப்படி என்ன இருக்கு அதுல?”

தம்பியின் தாத்தா கன்டோன்மென்ட் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, டீக்கடையில் தக்கனி என்று வளர்ந்த பிள்ளை அவன். நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அவன் சரியான ஆளிடம்தான் கேட்டான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்கு ஞானஸ்நானம் ஆனபோது வயது மூன்று மாதம். நான் அழுதேன் என்று அம்மா சொல்வார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

சொல்லிலிருந்து ஆரம்பித்தேன். மூலம் கிரேக்கச் சொல். முக்கு, அமிழ்த்து என்பது அதன் நேர்ப்பொருள். அதன் வேர்ச்சொல்லைத் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கும் சொல்வார்கள். தெலுங்குப் புரொட்டஸ்டன்டுகள் கிரேக்கத்தையே எடுத்து ‘பாப்திஸ்மமு’ என்கிறார்கள். தெலுங்குக் கத்தோலிக்கர்கள் ‘ஞானஸ்நானமு’ என்பார்கள். தமிழில் இது அப்படியே தலைகீழ். எங்களுக்கு ஞானஸ்நானம், கத்தோலிக்கர்களுக்கு இப்போது திருமுழுக்கு. எனக்கென்னவோ இந்த எல்லாச் சொற்களையும்விட நம் ‘தோய்’ பொருத்தமாகப் படுகிறது. தலை தோய்கிறோம், துணி தோய்க்கிறோம், சாயம் தோய்க்கிறோம், பாலை உறையூற்றித் தயிர் தோய்க்கிறோம். கொல்லன் பழுத்த இரும்பைத் தண்ணீரில் விட்டு எடுப்பதும் தோய்ச்சல்தான். அழுக்குப் போவது ஒரு தோய்தல். உள்ளே போனது வேறொன்றாகி வெளியே வருவது இன்னொரு தோய்தல். பழைய அல்வால் வெங்கடேஸ்வரர் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஆழ்வார் நினைவு வரும். ஊர்ப்பெயர் அங்கிருந்துதான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஆழ்ந்து போனவர் ஆழ்வார் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு, தண்ணீரில் மூழ்குவதை ஒரு ஆளின் அடையாளமாகப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

“அப்ப கங்கையில முங்கிற மாதிரிதானே? பாவம் போகும்?”

எல்லோரும் முதலில் வந்து நிற்கிற இடம் இதுதான், தவறும் இல்லை. யோர்தான் நதியில் யோவான் கொடுத்தது மனந்திரும்புதலுக்கான முழுக்கு. கழுவுதல் அதில் உண்டு. இயேசுவும் அவனிடம் போய்த் தண்ணீரில் இறங்கினார். ஆனால் பவுல் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு சாவது, அவரோடு புதைக்கப்படுவது. எழும்பி வருவது அவரோடு உயிர்த்து வருவது. எங்கள் ஊரில் புதைப்பதை அடக்கம் என்போம். ஞானஸ்நானத்தைக் குளியலறைப் பக்கமிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும், கல்லறைப் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பார்க்கப்போகிற தொட்டியும் அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் மேடைப் பலகைகளை எடுத்துவிட்டால் கீழே குழி. இறங்க நாலு படி. பையனை மல்லாக்கச் சாய்த்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி முக்குவார்கள். பிரேதத்தைக் கிடத்துகிற கிடைதான் அது. குளிக்கப் போகிறவன் யாரும் மல்லாந்து விழுவதில்லை.

கங்கைக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கங்கைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். சாவு ஒரு தடவைதான். அதனால்தான் எந்தச் சபையும் ஞானஸ்நானத்தை இரண்டாம் முறை கொடுக்கிறேன் என்று சொல்லாது. ‘முதலில் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை’ என்று சொல்லித்தான் மறுபடி கொடுப்பார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காக ஐரோப்பாவில் ரத்தம் சிந்தியிருக்கிறது, அதற்கு வருகிறேன்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று தம்பி கேட்டான். பொறியாளன், அளவு கேட்பான். ஆதித் திருச்சபையின் டிடாக்கே என்ற சிறு கையேட்டின் பிரதி 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. அதில் சொல்லியிருப்பது நம் பாட்டிமார் வைத்தியம் சொல்வது மாதிரி இருக்கும். ஓடுகிற தண்ணீர் நல்லது. கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர். குளிர்ந்த நீர் முடியாதென்றால் வெந்நீர். இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். கூடவே, கொடுப்பவரும் பெறுபவரும் முன்னதாக உபவாசம் இருக்கச் சொல்கிறது. இன்றைக்குத் தெளிப்பா முழுக்கா என்று மைக் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டுப் பேசலாம்.

உண்மையான தகராறு தண்ணீரின் அளவில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. தம்பி ‘பாப்டிசம் எடுக்குறான்’ என்றான். பெந்தெகொஸ்தே சபைகளில், பிரதரன் சபைகளில், பாப்டிஸ்டுகளிடம் எல்லாம் பேச்சு அப்படித்தான்: “ஞானஸ்நானம் எடுத்தாச்சா?” என் வீட்டில் பேச்சு வேறு: “பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?” எடுக்கிறவன் முதலில் விசுவாசித்து, தானே தீர்மானித்து, தானே நடந்துபோய் இறங்குகிறான். கொடுக்கப்படுகிற குழந்தைக்குத் தீர்மானம் எதுவும் இல்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதற்காகப் பதில் சொல்கிறார்கள். கடவுளின் கிருபை நம் புத்திக்கு முன்னால் வருவது என்கிறது கொடுக்கும் கட்சி. நம்பாதவனுக்கு நம்பிக்கையின் அடையாளம் எதற்கு என்கிறது எடுக்கும் கட்சி.

எடுக்கும் கட்சிக்கு ஹைதராபாத்திலேயே ஒரு பெரிய முகம் உண்டு. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த் சிங், கனடாவில் படிக்கும்போது 1929-ல் கிறிஸ்துவை நம்பினார். ஞானஸ்நானம் எடுத்தது 1932-ல். இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல். பின்னாளில் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில் உள்ள எப்ரோன் சபையிலிருந்து நாடு முழுக்கச் சபைகளை வளர்த்தார்; 2000-ல் இங்கேயே காலமானார். தம்பி கேட்காமலே மனதில் வைத்திருந்த ஒரு கேள்விக்கும் இவரிடம் பதில் இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டுமா? பக்த் சிங் கடைசிவரை பக்த் சிங்தான்.

தள்ளிப்போடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சிலுவைக்கு அரச மரியாதை வாங்கிக் கொடுத்த கான்ஸ்டன்டைன் பேரரசன் 337-ல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். அதற்குப் பிறகு செய்கிற பாவத்துக்கு மன்னிப்புக் கிடைப்பது பெரும்பாடு என்று அக்காலத்தில் பயந்தார்கள். ராஜா கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

சூரிச் கதை சிரிக்கிற கதையில்லை. 1525-ல் அங்கே ஒரு சிறு கூட்டம், குழந்தையில் பெற்றதைக் கணக்கில் எடுக்காமல், வளர்ந்தபின் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. நகர மன்றம் அதற்கு வைத்த தண்டனை, தண்ணீரில் மூழ்கடிப்பது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகளைக் கட்டி லிம்மாட் நதியில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீரை விரும்பினாயல்லவா, இந்தா தண்ணீர் என்ற நையாண்டி. கொன்றவர்கள் புரொட்டஸ்டன்டுகள்; செத்தவரும் அப்படித்தான். இதைச் சொல்லி முடித்தபோது தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டான். நம் நாட்டில் கொஞ்சம் நாகரிகமாகவே தீர்த்துக்கொண்டோம். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்தவர் ஞானஸ்நானம் இரண்டையும் அந்தச் சபை ஏற்றுக்கொண்டது.

“சரிண்ணா, எடுத்தப்புறம் என்ன ஆகும்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்னொரு டீ சொன்னேன். சடங்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எழுந்து வந்தவனின் திங்கட்கிழமைதான் விஷயம். இதைத் தெலுங்கு மண்ணில் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொன்னவர் ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். நிஜாம் சீமையின் தோர்ணகல் அவருடைய ஊரானது. 1945-ல் மறையும்வரை அங்கேதான். மாலா, மாதிகா மக்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்ற காலம். அவர் அவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் ஒவ்வொருவரும் தாமே சொல்ல வேண்டும். தண்ணீர் பட்ட தலையைத் தொட்டுக்கொண்டு. கொடுத்ததை எடுத்துக்கொள்ள வைக்கிற உபாயம் அது. என் இரண்டு வினைச்சொற்களையும் அந்தக் கை ஒன்றாக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மக்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட தலையில், எல்லோருக்கும் வைத்திருந்த அதே தண்ணீர். ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாதவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பவுல் சொன்னபடி யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதமெல்லாம் அந்தக் குழியில் புதைந்துவிட வேண்டும். புதைந்ததா? தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கம் இருப்பதைப் பார்த்தவன் நான். தண்ணீருக்குள் போன சாதி நீச்சல் தெரிந்து வெளியே வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருவன் எதற்காக வருகிறான் என்ற சந்தேகமும் பழையதுதான். காந்தியே அசரியாவின் காலத்து வெகுஜன மதமாற்றத்தை ஒப்பவில்லை. அதற்கெல்லாம் முந்தைய உதாரணம் ஒங்கோல். தாது வருஷப் பஞ்சத்தில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி, பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துப் பட்டினிக்காரர்களுக்குக் கூலி கொடுத்தார். பஞ்சம் தீரும்வரை ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது, கூலி நின்ற பிறகும் வருகிறவன் வரட்டும் என்று. வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று வெல்லம்பள்ளியில் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். போதகர்கள் ஆறு பேர் இரண்டிரண்டாக முறை வைத்து இறங்கி நின்று கொடுத்தார்கள். இதற்கு நேர் எதிர் யாழ்ப்பாணம். அங்கே ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஏடுகளில் கிறிஸ்தவர்கள் பெருகினார்கள், ஒல்லாந்தர் போனதும் கரைந்துபோனார்கள். நம் தம்பியின் பிஸ்கட் மாதிரி.

இன்றைக்கு நிலைமை திரும்பிவிட்டது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு; 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர்கள் இல்லை. தெலங்கானாவில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு பி.சி.-சி பிரிவில் ஒரு விழுக்காடுதான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், குழந்தையில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் சாட்சியத்தில் சேர்ந்தது. பட்டியல் சாதிச் சான்றிதழ் அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சபைப் பதிவேட்டில் ஒரு வரி, அரசாங்கப் பதிவேட்டில் வேறொரு கணக்கு. அதனால் ஜெபத்துக்கு வந்தும் தொட்டிக்கு வராமல் நிற்பவர்களை நான் கேலி செய்வதில்லை. சென்னையில் கந்தசாமி செட்டியார் 1915-லேயே, கிறிஸ்துவை நம்பியும் ஞானஸ்நானம் பெறாமல் தம் சமூகத்துக்குள்ளேயே இருப்பதற்கான காரணத்தை மிஷனரிகள் முன்னாலேயே எடுத்துச் சொன்னார். அவர் காரணம் சலுகை இல்லை. ஞானஸ்நானம் என்றாலே பெற்ற ஜனத்தை விட்டுப் பிரிவது என்றாகிவிட்டதே என்ற வருத்தம். எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. தனியாகச் சாகலாம், உயிர்த்தெழுந்து வருகிறவனைத் துண்டோடு வரவேற்க ஒரு கூட்டம் வேண்டும், அதற்குப் பெயர்தான் சபை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். “ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணணும்ணா? கையெழுத்து கிய்யெழுத்து போடச் சொல்வாங்களா?”

ஒன்றும் வேண்டாம், பின்வரிசையில் உட்கார், பாட்டுக்கு எழும்பும்போது எழும்பு, பையன் தண்ணீரிலிருந்து வரும்போது கைதட்டினால் நீயும் தட்டு என்றேன்.

“பொக்கே வாங்கிட்டுப் போகட்டுமா?”

நவம்பர் கடைசி. அல்வாலில் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் காது விறைக்கிற குளிர்.

“பொக்கே வேணாம்டா. ஒரு நல்ல துண்டு வாங்கிட்டுப் போ. பெருசா.”