கற்பிக்கக் கற்றல்

கற்பிக்கும் ஆற்றல் பிறவியிலேயே சிலர்க்கு வாய்ப்பது என்பாருளர். அஃது உண்மையாயின், 1856-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்றுப் பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரியும், அதன்பின் தோன்றிய பயிற்சிக் கல்லூரிகளும் வேண்டாதனவாம். கற்பித்தலும் ஏனைத் தொழில்களைப் போலச் செய்து பழகுதலாற் கைவருவதே.

ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. தச்சு பழகுவோன் கெடுப்பது மரத்தை. கற்பிக்கப் பழகுவோன் கெடுப்பது பிள்ளைகளின் காலத்தை. மரம் வேறு கிடைக்கும். கழிந்த ஆண்டு மீளாது. ஆதலின், பிழைசெய்து திருந்துதற்குத் தனியிடம் ஒன்று வேண்டும். 1963-இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் வகுத்த நுண்ணிலைக் கற்பித்தல் அத்தகையது. பாடத்தையும் காலத்தையும் மாணாக்கர் தொகையையும் சுருக்கி, ஒருமுறைக்கு ஒரு திறனையே பயில்வது அதன் இயல்பு. நம் நாட்டில் உடன்பயில்வோரே மாணாக்கராய் அமர்வர். கற்பித்தல் 6 நிமிடம், குறைநிறை கேட்டல் 6, பாடத்தைத் திருத்தியமைத்தல் 12, மீண்டும் கற்பித்தல் 6, மீண்டும் கேட்டல் 6 என 36 நிமிடத்தில் ஒரு சுற்று நிறைவுறும்.

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலிற் கற்பிக்கச் செல்லவிருக்கும் ஒருவர் வினாவுதலைப் பயில்கின்றார் எனக் கொள்வோம். "கோமுகி அணை எவ்வாற்றின் குறுக்கே உளது?" என்கிறார். விடை வினாவிலேயே கிடக்கின்றது. ஒரு சொல்லோடு வகுப்பு அடங்கிவிடும். உடனிருந்தோர் இதனைச் சுட்டவே, மறுமுறை, "மலையிற் பெய்த மழை வயலை வந்தடைவது எவ்வாறு? அணை இல்லையேல் யாது நிகழும்?" என வினவுகின்றார். இப்பொழுது பிள்ளைகள் தாம் கண்டதைச் சிந்தித்துச் சொல்லியாகவேண்டும்.

சிந்திக்கச் சிறிது பொழுதும் வேண்டுமன்றோ? வினவிய ஆசிரியர் பெரும்பாலும் ஒரு நொடியளவே பொறுக்கின்றனர் என்றும், மூன்று நொடி பொறுப்பின் விடைகள் நீண்டு செறிகின்றன என்றும் மேரி பட் ரோ என்னும் அம்மையார் 1970-களில் ஆராய்ந்து காட்டினார்.

எனினும், நண்பர் நிறைந்த வகுப்பு மெய்யான வகுப்பாகாது. நண்பர்க்கு விடை முன்னரே தெரியும். பசியோடு அமர்ந்த பிள்ளையும், வாய்திறவாப் பிள்ளையும் அங்கில்லை. இதுபற்றியே 2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, அதனுள் 20 வாரத்தைப் பள்ளியனுபவத்திற்கு ஒதுக்கின.

இம்முறையின் உயிர் முதலிற் கற்பித்த 6 நிமிடத்திலன்று. திருத்தியமைக்கும் 12 நிமிடத்திலேயே உள்ளது. பட்டம் பெற்றபின் குறைகூற உடன்பயில்வோர் இரார். அப்பொழுது மாணாக்கரின் ஏடுகளே அவ்வேலையைச் செய்யும். பலரும் ஒரே பிழையைச் செய்திருப்பின், திருந்தவேண்டியது பாடமே. மறுநாள் அதனை வேறுவிதமாகக் கற்பிப்பவரே பயிற்சி பெற்றவராவர்.