பொருள் தெரிவு – 9: தேயிலைப் பெட்டியின் கணக்கு

சென்ற வாரம் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டோம். ஒன்று அடர்த்தி. மற்றது யங்கின் மட்டு. இழுத்தாலும் வளைத்தாலும் அந்தப் பொருள் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதன் அளவு. உருக்குக்கு 7,850, 200. அலுமினியத்துக்கு 2,700, 70. இலேசான மரத்துக்கு, நார் ஓடும் திசையில், ஏறக்குறைய 500, 10. முதல் எண் கன மீட்டருக்குக் கிலோகிராம், இரண்டாவது கிகாபாஸ்கல்.

‘இலேசாகவும் இருக்கவேண்டும், வளையவும் கூடாது, எதை எடுக்கலாம்?’ என்று ஒருவர் கேட்டால் இந்த எண்களைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாமா? முடியாது. அந்தப் பொருள் எங்கே, எப்படிச் சுமை தாங்கப்போகிறது என்று தெரியும்வரை அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியைத் தேடித் திம்புள்ளைக்குப் போவோம்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று 3,500 அடியிலிருந்து 5,500 அடி உயரம்வரை ஏறிப்போகும் தேயிலை நாடு அது. கொழுந்து மலையிலிருந்து மடுவத்துக்கு வருகிறது. அங்கே நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறது. தூளாகி ரயிலேறிக் கொழும்புத் துறைமுகத்தை அடைகிறது. அந்த ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. இந்த வழி நெடுகத் தேயிலையோடு சேர்த்து, அதைத் தாங்கும் கூடையையும் பையையும் பெட்டியையும் யாரோ தூக்கியாக வேண்டும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய சச்சரவு மலையகத்தில் மிகப் பழையது. வெறும் எடையின் விலை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இழுபடும் கம்பி

செங்குத்தான தோட்டங்களில் உச்சியிலிருந்து தொழிற்சாலைவரை கம்பி இழுத்துக் கட்டி, கொழுந்துப் பைகளை அதில் கொக்கி போட்டு வழுக்கிவிடுவது ஒரு காலத்து வழக்கம். கம்பிக்கு இருப்பது ஒரே வேலை, இழுவையைத் தாங்குவது. இழுபடும் பொருளில் குறுக்குவெட்டின் வடிவம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். பரப்பளவு மட்டுமே கணக்கு. ஆகவே மட்டை அடர்த்தியால் வகுத்தால் போதும். ஒரே நீளம், ஒரே விறைப்பு என்று வைத்துக்கொண்டால், உருக்கில் 10 கிலோ வருவது அலுமினியத்திலும் ஏறக்குறைய 10 கிலோதான். மரத்தில் 13 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அலுமினியத்தின் இலேசு இங்கே எங்கே போயிற்று? அடர்த்தி மூன்றில் ஒன்றானால் விறைப்பும் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது; இலாபமும் நட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வலிமையையும் சேர்த்துப் பார்த்தால் உருக்குக் கம்பி முந்திவிடும். அச்சுத்துளை வழியே இழுத்து மெலிதாக்கிய உயர்கரி உருக்குக் கம்பி, கட்டடங்களில் போடும் சாதாரண உருக்கைப்போல நான்கு மடங்கு இழுவையைக்கூடத் தாங்கும். மலைக்கு மலை கட்டிய கம்பி உருக்காக இருந்ததற்கு மலிவு மட்டும் காரணமில்லை.

வளையும் கம்பு

கொழுந்தெடுக்கும் பெண்கள் செடியின் மேல் குறுக்காக வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை எடுத்துக்கொள்வோம். அது நேராக நிற்கவேண்டும், நாள் முழுவதும் கையோடு வரவேண்டும். இது வளைவை எதிர்க்கும் வேலை. வளைவில் தடிப்பு பேசத் தொடங்குகிறது. இலேசான பொருளென்றால் அதே எடைக்குத் தடித்த கம்பு கிடைக்கும். தடித்த கம்பு எளிதில் வளையாது. அதனால் இங்கே மட்டை அப்படியே எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுத்து அடர்த்தியால் வகுக்கவேண்டும். உருக்குக் கம்பு 10 கிலோ என்றால் அலுமினியத்தில் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மரத்தில் 3 கிலோவுக்கும் குறைவு. கம்பியில் கடைசியாக நின்ற மரம் கம்பில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

மூங்கில் இன்னும் ஒரு படி மேலே. உள்ளே வெற்றிடம், பொருள் முழுவதும் ஓரத்தில். அந்தச் சுவரிலும் நார்கள் வெளிப்புறத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. வளைவில் அதிக வேலை செய்வது வெளிப்புறம்தான் என்பதால், தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டது இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து முடைந்த கொழுந்துக் கூடையிலும் இந்தக் குணம் தொடர்கிறது. கூடை ஓரளவு விறைப்பாக நின்றால்தான் கொழுந்து நசுங்காது. நசுங்கினால் மடுவத்துக்கு வருமுன்னே இலை சிவக்கத் தொடங்கிவிடும். பறித்த இலை மூச்சுவிட்டுச் சூடேறும் என்பதால் காற்றுப் போக இடைவெளியும் தேவை. முடைந்த கூடை இரண்டையும் தருகிறது.

பிளாஸ்டிக் கூடை வந்தபோது அது இலேசு என்றே எல்லோரும் வாங்கினார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. பாலிப்ரொப்பிலீனின் மட்டு 1.4 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கிறது. உருக்கில் 10 கிலோ வரும் கம்பை அதே விறைப்போடு இந்தப் பிளாஸ்டிக்கில் செய்தால் ஏறக்குறைய 14 கிலோ வரும். பிளாஸ்டிக் கூடை இலேசாக இருப்பதற்குக் காரணம், அது நெகிழ்வதை நாம் பொறுத்துக்கொண்டதுதான். அது வென்றது விறைப்பில் அல்ல; மழையில் உக்காது, பூஞ்சை பிடிக்காது, கழுவலாம், மலிவு. நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவற்றை அவற்றின் பெயரிலேயே எழுதிவைக்கவேண்டும்.

விரிந்து நிற்கும் பலகை

தொழிற்சாலையில் தூளான தேயிலைக்குக் கேட்பவை பல. கப்பலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பெட்டி நசுங்கக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது, மரவாசம் தேயிலையில் ஒட்டக்கூடாது, பெட்டியின் எடைக்குக் கப்பல் கூலி கூடக்கூடாது. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து ‘மோமி’ மரப்பெட்டிகள் வந்தன. உள்ளே ஈயத்தாள் ஒட்டினார்கள். பின்னர் பால்டிக் கரையிலிருந்து ‘வெனெஸ்டா’ என்ற பெயரில் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வந்தன. தட்டையாக, தனித்தனிப் பலகைகளாக வந்து இறங்கும். தோட்டத்திலேயே ஓரங்களுக்குத் தகரம் வைத்து ஆணி அடித்துப் பெட்டியாக்குவார்கள். ஈயத்தாளின் இடத்தை அலுமினியத்தாள் பிடித்தது; ஈயத்தின் அடர்த்தி அலுமினியத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு தகடு. நீளமும் அகலமும் முன்பே முடிவானவை. மாற்றக்கூடியது தடிப்பு ஒன்றே. தகட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. 1 மில்லிமீட்டர் உருக்குத் தகட்டின் எடைக்கு 15.7 மில்லிமீட்டர் தடித்த மரப்பலகை கிடைக்கும். மரத்தின் மட்டு இருபதில் ஒன்றுதான் என்றாலும், நார்த் திசையில் அந்தப் பலகை உருக்குத் தகட்டைவிட 190 மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆகவே தகட்டுக்கு மட்டின் கனமூலத்தை எடுத்து அடர்த்தியால் வகுக்கவேண்டும். விறைப்பு ஒன்றாக இருக்க, உருக்கில் 10 கிலோ, அலுமினியத்தில் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மரத்தில் 2 கிலோவுக்கும் குறைவு.

மரத்துக்கு ஒரு குறை உண்டு. நாருக்குக் குறுக்கே அதன் விறைப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்தால் அந்தத் திசையில் வெடிக்கும். மூன்று மெல்லிய சீவல்களை நார் மாறிமாறி வர ஒட்டினால் வெடிப்பு நிற்கிறது. மூன்றும் ஒரே தடிப்பென்றால், வெளிச் சீவல்களின் நார்த் திசையில் விறைப்பில் 100க்கு 96 பங்கு அப்படியே தங்கிவிடுகிறது. நடுச்சீவல் வளைவில் அவ்வளவு குறைவாகவே பங்கெடுக்கிறது. குறுக்குத் திசையில் விறைப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அந்தக் குறையை ஓரச் சட்டமும் தகரமும் ஈடுசெய்தன.

இதே அறிவு வானத்திலும் பறந்தது. 1940 நவம்பரில் முதலில் பறந்த பிரிட்டனின் ‘மொஸ்கிட்டோ’ போர்விமானத்தின் உடல், பேர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்யப்பட்டது. விறைப்பான, இலேசான தகடு நன்றாக ஒலிக்கவும் செய்யும். 1950களில் இங்கிலாந்து இளைஞர்கள் வெற்றுத் தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டி அடித்தொனி வாத்தியம் செய்தார்கள். ஜோன் லெனனின் முதல் குழுவான ‘குவாரிமென்’னிலும் அது இருந்தது. லயத்து அறைகளிலோ அந்தப் பெட்டி அலுமாரியானது, மேசையானது.

கணக்கில் வராத காடு

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பி இந்த மூன்று வகுத்தல்களையும் வரைபடங்களாக்கிப் பொருள் தெரிவை ஒரு முறையாக வகுத்தார்; அவருடைய பாடநூல் 1992இல் வெளிவந்தது. அந்த வரைபடத்தில் மரம் மேலே நிற்கும். எந்தக் காட்டு மரம் என்று அது சொல்லாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் கொஸ்கமையில் பெரிய ஆலை எழுந்தது. அதற்கு மரம் கொடுக்க 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ மழைக்காட்டில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமைத் தலமானது. ஒரு கனமூலமும் ஒரு வகுத்தலும் சரியாக இருந்தும், முடிவு இன்னோர் இடத்தில் தவறாகப் போயிற்று. நல்ல தெரிவுப் பட்டியலில் விறைப்பு, எடை, விலை என்ற மூன்று நிரல்களுக்கு அடுத்து ‘எங்கிருந்து வருகிறது’ என்ற நான்காவதும் வேண்டும்.

பெட்டியை ஒழித்தது இன்னொரு விறைப்பான பொருள் அல்ல. இன்று தேயிலை பல அடுக்குத் தாள் பைகளில், உள்ளே அலுமினியப் படலத்தோடு போகிறது. தாளுக்கு வளைவைத் தாங்கும் திறன் கிடையாது. இழுவையைத் தாங்கும் திறன் நன்றாகவே உண்டு. பையில் தூள் புடைக்கும்போது தாள் இழுபடுகிறது. மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தூளே தாங்குகிறது. அடுக்கு சரியாமல் பார்ப்பது கீழே உள்ள மரத்தட்டும் சுற்றியுள்ள கொள்கலனும். முன்பு ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சுமந்த விறைப்பு, திரும்பத் திரும்பப் பயன்படும் கொள்கலனுக்கு மாறிவிட்டது. தகட்டின் வேலையைக் கம்பியின் வேலையாக மாற்றியதும், மரத்தைத் தாள் தோற்கடித்தது.

ஆகவே பொருள் பட்டியலைத் திறப்பதற்கு முன் கேட்கவேண்டியவை இரண்டு. இது இழுபடுகிறதா, வளைகிறதா, தகடாக விரிந்து நிற்கிறதா? அந்த வேலையையே வேறாக மாற்ற வழி உண்டா? முதல் கேள்வி எடையைப் பாதியாக்கும். இரண்டாவது கேள்வி சிலவேளை அந்தப் பாகத்தையே தேவையற்றதாக்கிவிடும்.

அடுத்த வாரம்: விறைப்பு வேறு, வலிமை வேறு. கவ்வாத்துக் கத்தியின் அலகு ஏன் வளையலாம், ஆனால் உடையக்கூடாது?