எளிய கற்றல் துணைக்கருவி

எளிய கற்றல் துணைக்கருவி என்பது, மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் தம் பாடவேலையைத் தாமே செய்ய உதவும் வகையில், அன்றாடப் பயன்பாட்டிலுள்ள மலிவான பொருளைக் கொண்டு அமைக்கப்படும் கருவி ஆகும். இதனைப் பெரும்பாலும் வீட்டிலோ வகுப்பறையிலோ செய்துகொள்ளலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

குறைபாட்டின் பெயரைக் கொண்டல்லாமல், மாணவர் எச்செயலில் தடைப்படுகிறார் என்பதைக் கொண்டே கருவி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பெருமூளை வாதம் உடைய இருவரில் ஒருவருக்குப் பென்சிலைப் பற்றுவது கடினமாகவும், மற்றவருக்குத் தாளை நகராமல் வைத்திருப்பது கடினமாகவும் இருக்கலாம். முன்னவருக்குப் பருத்த பிடியும், பின்னவருக்குக் கிளிப் பொருத்திய பரீட்சை அட்டையும் தேவை.

பயன்பாடுகள்

* எழுதுதல்: பென்சிலின் மேல் துணியைச் சுற்றினாலோ, துளையிட்ட ஸ்பாஞ்சுப் பந்தில் அதைச் செருகினாலோ பிடி பருமனாகும். விரல்களை இறுக மடக்க இயலாதவரும் அதைப் பற்றலாம்.
* படித்தல்: கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியுமாறு துளை வெட்டிப் பக்கத்தின்மேல் வைத்தால், வெள்ளைத் தாளின் கூச்சம் குறையும், வரியும் தவறாது. இது குறைபார்வை உடையோருக்கு ஏற்றது.
* பக்கம் புரட்டுதல்: தாள்களின் ஓரத்தில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒட்டினால், இடைவெளி உண்டாகிக் கையின் பக்கத்தாலேயே புரட்ட இயலும்.
* தொட்டறிதல்: முட்டைத் தட்டிலிருந்து வெட்டிய 6 குழிகளில் பந்துகளை இட்டு, 6 புள்ளிகளாலான பிரெய்ல் எழுத்துகளைக் கற்பிக்கலாம். கோடுகளின்மேல் நூலை ஒட்டினால் வடிவியல் படங்களை விரலால் அறியலாம்.

வரலாறு

டேவிட் வெர்னர், மெக்சிக்கோவின் மலைக் கிராமங்களில் பெற்ற பட்டறிவைக் கொண்டு எழுதிய 'டிசேபில்டு வில்லேஜ் சில்ட்ரன்' என்னும் நூல் 1987இல் வெளியானது. உள்ளூர்ப் பொருள்களால் துணைக்கருவிகள் செய்யும் முறைகளை அது படங்களுடன் விளக்கியது. நியூயார்க்கில் அட்டைப்பெட்டி அட்டைகளால் குழந்தைகளுக்கு இருக்கைகள் முதலியவற்றை உருவாக்கிய அலெக்ஸ் ட்ரூஸ்டெல், 2015இல் மெக்கார்தர் நல்கை பெற்றார்.

வரம்புகள்

கருவி பொருந்துகிறதா என்பதைப் பயன்படுத்தும் மாணவரே கூற வேண்டும். உடலைத் தாங்கும் இருக்கைகளுக்கு இயன்முறை மருத்துவரின் அளவீடு தேவை. தவறான அளவு புண்ணையும் உடற்கோணலையும் உண்டாக்கக்கூடும். எல்லா எளிய கருவிகளும் பயன் தருவனவும் அல்ல. வாசிப்புக் குறைபாட்டுக்கு வண்ண ஒளிபுகு தாள்கள் உதவுவதற்கு அறிவியல் சான்று இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009இல் அறிவித்தது.

செவிப்புலன் கருவி, சக்கர நாற்காலி, பிரெய்ல் நூல் ஆகியவற்றுக்கு இவை மாற்றாகா. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய மாணவருக்கு 18 வயது வரை நூல்களையும் உரிய துணைக்கருவிகளையும் இலவசமாக வழங்குவதை அரசின் கடமையாக்கியுள்ளது.