பத்தில் எட்டுப் பேர் யார்?

ஒரு சம்பள நாளன்று நம் மாணவன் ஒருவனின் தாயார் தோட்டத்துக் கடையில் நின்றிருந்தார். வழக்கமாக வாங்கும் பால்மாவை விட்டுவிட்டு, இரு மடங்கு விலையுள்ள ஒரு டின்னைக் கணக்கில் எழுதச் சொன்னார். காரணம் கேட்டோம். "பத்துத் தாய்மார்களில் ஒன்பது பேர் இதைத்தான் கொடுக்கிறார்களாம், சார். விளம்பரத்தில் சொன்னார்கள்" என்றார். கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பிள்ளைக்குப் பல நாள் முட்டை வாங்கியிருக்கலாம்.

அந்த ஒன்பது பேர் யார்? அவர்களிடம் என்ன கேட்டார்கள்? விளம்பரம் அதைச் சொல்வதில்லை.

பிரிட்டனில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 80 சதவிகிதத்திற்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட் பற்பசையைப் பரிந்துரைக்கிறார்கள் என்று அங்கே விளம்பரம் செய்தார்கள். கேட்பவர் என்ன நினைப்பார்? மற்ற பற்பசைகளையெல்லாம் சேர்த்தாலும் 20 சதவிகிதத்தினர்தான் ஆதரிக்கிறார்கள் என்றுதானே? ஆனால் அந்த ஆய்வில் மருத்துவர் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளின் பெயரைச் சொல்லலாம். போட்டிப் பற்பசை ஒன்றையும் ஏறக்குறைய அதே அளவினர் சொல்லியிருந்தார்கள். ஆகவே, விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு, அது மக்களைத் தவறாக எண்ணவைக்கிறது என்று 2007 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எண் பொய்யன்று, அதைச் சொன்ன விதம்தான் பிசகு.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். பத்துப் பிள்ளைகளிடம், "பிடித்த பழங்களையெல்லாம் சொல்லுங்கள்" என்று கேட்போம். எட்டுப் பேர் ரம்புத்தான் என்பார்கள். அவர்களிலேயே பலர் மாம்பழத்தையும் டுரியானையும் சேர்த்துச் சொல்வார்கள். ரம்புத்தான் வியாபாரியோ, "பத்தில் எட்டுப் பேர் விரும்புவது ரம்புத்தான்!" என்று பலகை எழுதி மாட்டலாம்.

ஆதலால், எண்ணைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளை மனத்தில் எழுப்ப வேண்டும்.

முதலாவது, என்ன கேட்டார்கள்? ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னார்களா, பலவற்றைச் சொல்ல விட்டார்களா?

இரண்டாவது, யாரிடம் கேட்டார்கள்? ஒரு பொருளை விரும்பி வாங்குவோரிடமே அது நல்லதா என்று கேட்பது, கோயிலுக்கு வந்தவரிடம் சாமி கும்பிடுவீர்களா என்று கேட்பது போலாகும்.

மூன்றாவது, எத்தனை பேரிடம் கேட்டார்கள்? பத்தில் எட்டும் 80 சதவிகிதம். ஆயிரத்தில் எண்ணூறும் 80 சதவிகிதம். ஆனால் பத்துப் பேரில் இருவர் மனம் மாறினாலே 80 சதவிகிதம் 60 ஆகிவிடும்.

பொருளைப் பற்றித் தவறாக எண்ணவைக்கும் கூற்றுகளை மலேசியாவின் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் சட்டம் கடைவாசல்வரை நம்மோடு வராது. அடுத்த முறை டின்னை எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு, எடை எவ்வளவு என்று பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் என்ன வாங்கினாலும், பணம் கொடுப்பவர் நாம்தானே?