மாடத்துச் சூரியத் தகடும் வீட்டு மின்சாரமும்

ஜெர்மன் நாட்டின் அடுக்குமாடி வீடுகளில், துணி உலர்த்தும் மாடத்துக் கம்பிகளில் இப்பொழுது சூரியத் தகடுகள் தொங்கக் காணலாம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 2,000 வாட் வரையுள்ள தகடுகளையும், 800 வாட்டுக்கு மேற்படாமல் மின்சாரம் விடும் இன்வெர்ட்டர் ஒன்றையும், குடியிருப்போர் எளிய பதிவோடு தாமே பொருத்திக்கொள்ளலாம். சிறிய கருவிதானே என்று எண்ணிவிடலாகாது. கம்பி சேர்ப்பதில் பிழை நேர்ந்தால் பொருளும் போகும். உயிருக்கும் கேடு உண்டு.

தகடு தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டில் உள்ளதோ, விநாடிக்கு 50 முறை அலையாக வந்து திரும்பும் 230 வோல்ட் மின்சாரம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறே. முன்னதைப் பின்னதாக மாற்றுவது இன்வெர்ட்டரின் வேலை.

இரு தகடுகளைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் சேர்த்தால் ஆம்பியர் கூடும். 60 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிறு இன்வெர்ட்டர்கள் பல. 40 வோல்ட் தகடுகள் இரண்டைத் தொடராகக் கோத்து அதில் செருகினால் 80 வோல்ட் பாய்ந்து கருவி பாழாகும். ஆகவேதான் பெரும்பாலும் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனி வாய் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. தகட்டில் குறித்துள்ள வோல்ட் 25 பாகை வெப்பத்துக்கு உரியது. குளிர ஒவ்வொரு பாகைக்கும் நூற்றில் சுமார் 0.3 பங்கு ஏறும். பனிக்காலத்தில், உறைநிலைக்குக் கீழே 10 பாகையில், அந்த 40 வோல்ட் தகடே 44 வோல்ட் காட்டும். வெயில் மிகுந்தால்தான் வோல்ட் மிகும் என்று நினைப்பவர் ஏமாறுவர்.

வீதி மின்சாரம் நின்றால் இவ்வகை இன்வெர்ட்டரும் நின்றுவிடும். நண்பகல் வெயிலில் தகடு காய்ந்து கிடக்க, வீட்டில் விசிறி ஓடாது! வாங்கியவர் பலருக்கு இது மனக்குறை. ஆனால் காரணம் வலுவானது. மின்சாரம் நின்றதென்று நம்பி ஊழியர் ஒருவர் கம்பியில் கை வைத்திருப்பார். வீட்டிலிருந்து 230 வோல்ட் வெளியே போனால், தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாகப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். எனவே ஜெர்மன் விதிப்படி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கருவி விலகிக்கொள்ள வேண்டும். இதை அறிய, சில கருவிகள் அலையின் வேகத்தைச் சற்றே அசைத்துப் பார்க்கின்றன. ஊர் முழுதும் பரந்த மின்வலை அந்த அசைவுக்கு இணங்காது; துண்டிக்கப்பட்டுத் தனித்து நிற்கும் வீட்டுக் கம்பியோ உடனே இணங்கிவிடும். அதைக் கண்டதும் கருவி அடங்கிவிடும். சுவர்ச் செருகியைப் பிடுங்கியதும் அதன் முட்கள் உயிரற்றுப்போவதும் இதனாலேயே.

தகட்டுப் பக்கம் அவ்வாறன்று. வெயில் உள்ளவரை அதை நிறுத்த முடியாது. அலை மின்சாரம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் அதன் தீப்பொறி விரைவில் அவியும். ஒருதிசை மின்சாரத்தின் பொறி அவியாமல் நீண்டெரியும். ஆதலால் கழற்றும்போது முதலில் சுவர்ச் செருகியை எடுத்து, ஓட்டம் நின்ற பின்னரே தகட்டுக் கம்பிகளைப் பிரிக்க வேண்டும்.